ஒரு தீவை மரியாதையாக மூழ்கடித்த கதை

கனவு காண்கிறவன் கையில் ஒரு நாட்டைக் கொடுக்கக் கூடாது. ஒரு வார இறுதிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பொறுப்பேற்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே அது கடலுக்குள் போய்விட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மன் அரசாங்கம் அப்போது இன்னமும் பான் நகரத்தில்தான் இருந்தது. ஆனால் அது பெர்லினுக்குப் போகப்போகிறது என்று முடிவாகிவிட்டதால், வீடு மாறக் காத்திருக்கும் குடும்பம் போல நகரம் பாதி மனசோடு இருந்தது. காலையில் ரைன் ஆற்றின்மேல் மூடுபனி படுத்திருக்கும். பாரம் ஏற்றிய படகுகள் கண்ணுக்குத் தெரியா. அவற்றின் எந்திரச் சத்தம் மட்டும், நித்திரையில் யாரோ முனகுவது போல, கரையோரமாக நடந்து போகும். நானும் கூடவே நடந்து போவேன்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நான் சர்வதேச உறவுகள் படித்துக்கொண்டிருந்தேன். (இது விசா அலுவலகத்துக்குச் சொன்னது. உண்மையில் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன்.) தங்கியிருந்தது அக்கா வீட்டில். அத்தானுக்கு ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. என் படிப்பின் பெயரைக் கேட்ட முதல் நாளே அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உலகத்து உறவுகளோ? இஞ்ச எங்கட சொந்தக்காரரோட உறவே ஒழுங்கில்லை. முதல்ல உன்ர பெரியப்பாவோட ஒரு ஒப்பந்தம் போட்டுக் காட்டு பாப்பம்."

அக்காவுக்கு அது சிரிப்பான விஷயமாக இருக்கவில்லை. என்னை ஜெர்மனிக்கு எடுப்பித்தவள் அவள். விசா அலுவலகத்துக்கு என்னோடு வந்து, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி அம்மா சொன்னதை என்னைவிடக் கவனமாகக் கேட்டவளும் அவள்தான். "இந்தத் தவணை ஒரு ஷைனாவது கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் விசா நீட்ட முடியாது." ஷைன் என்றால் ஒரு பாடத்தில் தேறியதாகப் பேராசிரியர் கையெழுத்திட்டுத் தரும் துண்டு. என்னோடு படித்தவர்களிடம் அது கத்தையாக இருந்தது. என்னிடம் ஆற்றைப் பற்றிய கவிதைகள் கத்தையாக இருந்தன. அவற்றை அந்தக் கண்ணாடிக்குள் நீட்ட ஏலாது.

ஆகவே ஒரு பாடத்தைப் பிடித்தேன்: சர்வதேச உறவுகளில் சுற்றுச்சூழல். பிடித்ததற்குக் காரணம் பேராசிரியை முதல் வகுப்பில் சொன்ன ஒரு வசனம். "புகை எல்லையில் நிற்பதில்லை. அமில மழை யாருடைய கடவுச்சீட்டையும் பார்த்துப் பெய்வதில்லை." நரைத்த குட்டை முடியும், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடியுமாக நின்று, ஒரு சமையல் குறிப்பு வாசிப்பது போல அவர் அதைச் சொன்னார். எனக்குப் புல்லரித்தது. விசா இல்லாமல் எல்லை தாண்டும் புகையை நினைத்து அன்று முழுக்கப் பொறாமைப்பட்டேன். பிறகு வந்த வாசிப்புப் பட்டியலை மட்டும் நினைக்கவில்லை.

பாடத்தின் முடிவில் பரீட்சை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பாவனைப் பேச்சுவார்த்தை. ஐஃபெல் மலைப்பக்கம் இருந்த ஒரு இளைஞர் விடுதிக்கு எல்லோரும் ஒரு வார இறுதிக்குப் போக வேண்டும். ஆளுக்கொரு நாடாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சூடாகிக்கொண்டு வரும் பூமியைப் பற்றி ஒப்பந்தம் ஒன்று எழுத வேண்டும். தன் நாட்டுக்கு எதையாவது பெற்றுக் கொடுப்பவருக்கு ஷைன். உண்மையான நாடுகளின் பெயரை வைத்தால் மனஸ்தாபம் வரும் என்று பேராசிரியை வெறும் எழுத்துகளை வைத்திருந்தார். ஏ என்பது பணக்கார நாடுகள். சி என்பது எண்ணெய் விற்கும் நாடு. எஃப், கடல்மட்டத்தில் இருந்து ஒரு முழம் உயர்ந்து நிற்கும் தீவு.

"நீங்கள் தீவில் பிறந்தவர் அல்லவா? எஃப் உங்களுக்கு," என்றார் பேராசிரியை.

தீவில் பிறந்தவன் என்பதை எப்போதோ சொல்லியிருந்தேன். தீவை விட்டு ஓடி வந்தவன் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் நான் எஃப் நாட்டில் வாழ்ந்தேன். ட்ராமில் போகும்போது அதன் காற்று என் காதில் பட்டது. அங்கே மீன்கள் மாலையில் ஊருக்குள் வந்து படிக்கட்டுகளில் இளைப்பாறும். அங்கே குழந்தைகளுக்குப் பெயர் வைப்பதற்கு அலை பின்வாங்கும் நேரம் பார்ப்பார்கள். அங்கே மலை என்ற சொல்லே இல்லை. உயரமான எதையும் அவர்கள் "நாளை" என்று சொல்வார்கள். இப்படி ஒரு கொப்பி நிறைய எழுதினேன். அந்த நாட்டுக்குக் கடற்சுவர் எவ்வளவு நீளத்துக்கு வேண்டும், யாரிடம் எந்தப் பிரிவின் கீழ் கேட்க வேண்டும் என்று பேராசிரியை தந்த தாள்கள் அந்தக் கொப்பிக்கு அடிமட்டையாக இருந்து பெரிதும் உதவின.

புறப்படும் நாள் அக்கா ஒரு டப்பாவில் இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்தாள்.

"ஷைனோட வா," என்றாள்.

விடுதிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் பவளப்பாறைகளைப் பற்றிப் பேசினோம். ஏ நாடுகளின் சார்பில் பேச வந்தவள் கத்ரின். கூர்மையானவள், நல்லவள், ஆப்பிளைக்கூடக் கத்தியால் எட்டுச் சமதுண்டாக வெட்டிச் சாப்பிடுகிறவள். தலைவராக வொல்ஃப்காங். மேசையில் தட்டுவதற்கு விடுதிச் சமையலறையில் இருந்து இறைச்சி தட்டும் மரச் சுத்தியலை இரவல் வாங்கி வைத்திருந்தான். விதி ஒன்றுதான்: ஒரு முடிவை அவன் வாசிப்பான், ஆட்சேபம் இருக்கிறதா என்று கேட்பான், ஒருவரும் வாய் திறக்காவிட்டால் சுத்தியல் விழும். விழுந்தால் விழுந்ததுதான்.

சனிக்கிழமை முழுக்க வாதாடினார்கள். நான் யன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலை என் முறை வந்தது. எழுந்து நின்று கொப்பியை வாசித்தேன். படிக்கட்டில் இளைப்பாறும் மீன்களை வாசித்தேன். நாளை என்று அழைக்கப்படும் மலைகளை வாசித்தேன். (என் ஜெர்மன் இலக்கணத்தில் ஆணும் பெண்ணும் இடம் மாறிக் கிடந்தன, ஆனாலும் ஒரு லயம் இருந்தது.) எண்ணெய் நாட்டுக்காரன்கூட நகம் சுத்தம் செய்வதை நிறுத்தினான். கத்ரினின் கண் கலங்கியிருந்தது. அவள் பக்கத்தில் இருந்தவர்களோடு குசுகுசுத்தாள். பிறகு எழுந்தாள்.

"மதிப்புக்குரிய எஃப் நாட்டின் பிரதிநிதி அவர்களே, உங்கள் தீவைச் சுற்றி முழுக் கடற்சுவரையும் எங்கள் செலவில் கட்டித் தர முன்வருகிறோம். அப்படியும் கடல் உள்ளே வந்தால், உங்கள் மக்கள் எல்லோருக்கும் எங்கள் நாடுகளில் குடியுரிமை தருகிறோம்."

பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு கொடையை அந்தப் பாடத்தில் எந்த வருடமும் எந்த எஃப் நாடும் பெற்றதில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தலையாட்டுவது.

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அது நிறைந்தால் என் வாய்க்குத் தெரிந்தது ஒரு பாதைதான். நாங்கள் வளர்ந்த விதத்தில், ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால், தொண்டை வறண்டு செத்தாலும் முதலில் "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். அவர்கள், "சும்மா ஒரு வாய் குடியுங்கோ" என்பார்கள். "ஐயோ, ஏன் வீண் கரைச்சல்," என்போம். மூன்றாம் முறை கேட்கக் கேட்கவே அடுப்பில் தண்ணீர் கொதித்துவிடும். முதல் கேள்விக்கே ஓம் (எங்கள் ஊர் ஆம்) சொல்பவன் வீடு வாசல் இல்லாதவன். இது தேத்தண்ணிக்கு. ஒரு கடற்சுவருக்கு எத்தனை முறை மறுக்க வேண்டும்!

கையை நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்து சொன்னேன்:

"ஐயோ, வேண்டாம். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்? நாங்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வோம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். விருந்தாளியின் சிரிப்பைப் பூட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். கத்ரின் இரண்டாவது முறை கேட்கும்போது என்ன சொல்வது, மூன்றாவது முறை ஏற்றுக்கொள்ளும்போது எந்தக் கவிதை வரியை விடுவது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடியது.

கத்ரின் வொல்ஃப்காங்கைப் பார்த்தாள். வொல்ஃப்காங் பேராசிரியையைப் பார்த்தான். பேராசிரியை யாரையும் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

"எஃப் நாடு நன்றியோடு மறுக்கிறது. ஆட்சேபம்?" என்று வாசித்தான் வொல்ஃப்காங்.

யன்னலுக்கு வெளியே பனி விழும் சத்தம் கேட்டது. (பனி விழும்போது சத்தம் வராது என்பது எனக்குத் தெரியும். அன்று கேட்டது.)

நான் இன்னமும் நிலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சுத்தியல் விழுந்தது.

விழுந்த அதே கணத்தில் எண்ணெய் நாட்டுக்காரன் கையை உயர்த்தினான். "அப்படியானால் அந்தத் தொகையை எங்களுக்குத் தாருங்கள். உலகம் எண்ணெயைக் குறைத்தால் நாங்கள் அல்லவா பாதிக்கப்படுகிறோம்?" அவன் மறுக்கவில்லை, கூச்சப்படவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. ஆட்சேபம் இருக்கிறதா என்று வொல்ஃப்காங் என்னைப் பார்த்தே கேட்டான். வேண்டாம் என்று சொன்ன சாப்பாட்டை அடுத்தவன் இலையில் இருந்து எப்படித் திரும்பக் கேட்பது? வாயை மூடிக்கொண்டிருந்தேன். சுத்தியல் இரண்டாம் முறையும் விழுந்தது. இறைச்சி தட்டும் சுத்தியல் என்பதால் நல்ல கனமான சத்தம்.

காப்பி இடைவேளையில் கத்ரினைப் பிடித்தேன்.

"நீ ஏன் திரும்பக் கேட்கவில்லை?"

"நீதானே வேண்டாம் என்றாய்?"

"ஒரு தரம்தானே சொன்னேன்!"

அவள் கோப்பையை வைத்துவிட்டு என்னை உற்று, வடிவாகப் பார்த்தாள். "ஒரு நாடு எத்தனை தரம் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம்?"

"மூன்று."

"இது எங்கே எழுதியிருக்கிறது?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. அவள் என் கையைத் தொட்டு, "மன்னித்துக்கொள். நீ மறுத்தது உன் நாட்டின் சுயமரியாதை என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது," என்றாள். அதைக் கேட்டு எனக்கும் வந்தது.

பேராசிரியை பலகையில் எல்லா நாடுகளின் எழுத்துகளையும் எழுதி யார் யாருக்கு என்ன கிடைத்தது என்று கோடு போட்டுக் காட்டினார். எஃபுக்கு வந்ததும் நின்றார். அதற்குக் கோடு ஒன்றும் வரவில்லை. ஈரப் பஞ்சை எடுத்து அந்த எழுத்தைத் துடைத்தார். வன்மம் ஒன்றும் இல்லாமல், மேசையில் சிந்திய பாலைத் துடைப்பது போலத்தான். பலகையில் ஈரம் மட்டும் வட்டமாக இருந்தது. அதில் என் மீன்கள், என் படிக்கட்டுகள்.

"உங்களுக்கு ஷைன் தர எனக்கு இப்போது வழியில்லை," என்றார் என்னிடம். "செவ்வாய்க்கிழமை என் அறைக்கு வாருங்கள்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அக்கா கதவில் சாய்ந்தபடி கேட்டாள்.

"ஏன்டா வேண்டாமெண்டனி?"

"அவை திரும்பக் கேப்பினம் எண்டு நினைச்சன்."

அத்தான் சோற்றுக் கோப்பையோடு எழுந்துவிட்டார். சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "வெள்ளைக்காரன் ரெண்டாந்தரம் கேப்பான் எண்டு நம்பி நாட்டைக் குடுத்தனியோ? நான் வந்த புதுசில என்ர முதலாளி வீட்டில கேக் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு, அவங்கள் நாலு பேரும் முழுக் கேக்கையும் தின்னுறதைப் பாத்துக்கொண்டிருந்தவன். பசியில கண் இருட்டிப் போச்சு."

"அப்ப ஏன் அத்தான் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ?"

"இஞ்சாருங்கோ, சிரிக்காதேங்கோ," என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்திருந்தது. "விசா நீட்டாட்டி இவன் எங்க போறது?"

அத்தான் உடனே உட்கார்ந்தார். கோப்பையைத் தள்ளி வைத்தார். எங்கே போவது என்று எங்கள் மூவருக்குமே தெரியும்: நாங்கள் பிறந்த தீவுக்கு. அங்கே அப்போது சண்டை.

பிறகு அக்கா முடிவெடுத்தாள். என்னைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கதிரையில் இருத்தினாள். எதிரே தான் பேராசிரியை போல இருந்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"வேண்டாம்—"

"விசரா! திரும்ப. தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"ஓ... ஓம்."

"இழுக்காதை. வடை?"

"ஓம்."

"அந்த மனிசி என்ன கேட்டாலும் ஓம். விளங்குதோ?"

"வே... ஓம்."

செவ்வாய்க்கிழமை வரை இந்தப் பயிற்சி நடந்தது. அத்தான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டார். ("உள்ளுக்க இருக்கிறியோ?" "ஓம்!" "இன்னும் இருப்பியோ?" "ஓம்!")

பேராசிரியையின் அறையில் புத்தகங்கள் கூரை வரை இருந்தன. யன்னலில் மங்கலாக ஆறு. அவர் நாற்காலியைக் காட்டினார்.

"நான் தந்த தாள்களை நீங்கள் வாசிக்கவில்லை, அப்படித்தானே?"

"ஆம்!"

என் வேகத்தில் அவர் சற்றுப் பின்வாங்கினார். "நீங்கள் செய்ததை ஒரு தந்திரம் என்று சொல்லப் போகிறீர்களா?"

"ஆம்! இல்லை! ஆம்!"

"உங்களுக்கு எஃப் நாட்டைத் தந்தது என் பிழை என்கிறீர்களா?"

"ஆம்!"

அதற்குமேல் பயிற்சியை நம்ப ஏலாது என்று தெரிந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன். தேத்தண்ணி, மூன்று முறை கேட்பது, மூன்றாம் முறைக்கு முன் கொதிக்கும் தண்ணீர், எல்லாம். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் விட்டுவிட்டு நெடுநேரம் ஆற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூடுபனிக்குள் ஒரு படகு போனது, அல்லது போனது போல இருந்தது.

"அந்த மேசைகளில் உண்மையாகவே உட்காருகிறவர்களிலும் இப்படிச் சிலர் இருப்பார்களோ?" என்றார், என்னிடம் இல்லை, கண்ணாடி யன்னலிடம். பிறகு திரும்பினார். "எஃப் நாடு ஏன் வேண்டாம் என்று சொன்னது? இதைக் கட்டுரையாக எழுதுங்கள். மாத முடிவுக்குள் தந்தால் ஷைன் தருகிறேன். சம்மதமா?"

நெஞ்சு நிறைந்துவிட்டது. அக்காவின் பயிற்சி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. என் கை தானாக நெஞ்சுக்கு ஏறியது. தலை தானாகக் குனிந்தது. என் வாய் தன் பழைய பாதையில் கிளம்பிவிட்டது.

"ஐயோ, உங்களுக்கு எதற்கு வீண்—"

அவர் குறிக்கத் திறந்து வைத்திருந்த பேனாவின் மூடியை எடுத்து மூடப் போனார்.

அந்த மூடி பேனாவை நோக்கிப் போகும் தூரத்தில் நான் என் தீவை மறுபடி கண்டேன். தண்ணீர் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கதவில் சாய்ந்தபடி அக்கா.

"ஆம்! ஆம்! ஆம்!" என்று கத்தினேன். பக்கத்து அறையில் இருந்து செயலாளர் அம்மா ஓடி வந்து கதவைத் திறந்தார். "ஒன்றுமில்லை," என்றார் பேராசிரியை, "எஃப் நாடு உடன்பட்டிருக்கிறது." அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

எழுதினேன். ஆற்றங்கரைக்குப் போகாமல் எழுதினேன். மூன்று சுற்று மறுப்பு என்னும் வழக்கத்தை விளக்கிய இடத்தில் ஆதாரம் எங்கே என்று அவர் ஓரத்தில் கேட்டிருந்தார். "என் அக்கா, அவருடைய குசினி, நேரடி உரையாடல்" என்று அடிக்குறிப்பு போட்டேன். தேறுவதற்குப் போதுமான ஆகக் குறைந்த மதிப்பெண் கிடைத்தது. அக்கா அந்த ஷைனைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் விசா அலுவலகத்துக்குக் கொண்டு போனாள். கண்ணாடிக்குள் இருந்த அம்மா முத்திரையைக் குத்தினார். அந்தச் சத்தமும் கொஞ்சம் இறைச்சிச் சுத்தியல் போலத்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு இனிமை.

பழுது என்னவென்றால், அன்று கிளம்பிய "ஓம்" பிறகு நிற்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் "தேத்தண்ணி..." என்று அவர்கள் தொடங்குமுன்னரே "ஓம்" என்றுவிடுவேன். குசினிக்குள் பெண்கள் திடுக்கிடுவார்கள்; அடுப்பு இன்னும் மூட்டியிருக்காது. பெண் பார்க்கப் போன வீட்டில் முதல் கேள்விக்கே வடையை எடுத்துவிட்டேன். மாமி உள்ளே போய், "மாப்பிளைக்குக் கூச்சநாச்சம் இல்லைப் போல கிடக்கு," என்று சொன்னது வெளியே நன்றாகவே கேட்டது. "ஒளிக்கத் தெரியாத மனிசன் அம்மா," என்று உள்ளே இருந்து பதில் சொன்ன குரலோடுதான் இன்றைக்கும் குடும்பம் நடத்துகிறேன். பான் தமிழர் நடுவில் எனக்கு "ஓம் அண்ணை" என்று பெயர். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது வேண்டாம் என்றால், "சுவரை எண்ணெய்க்காரன் கொண்டு போறான்" என்று என் மகள் அரைத் தமிழில் கத்துவாள்.

போன கார்த்திகையில் அக்கா வீட்டில் எல்லோரும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு பெரிய மண்டபம், காலநிலைப் பேச்சுவார்த்தை, இந்த முறை உண்மையான நாடுகள். ஒரு தீவின் பிரதிநிதி, கோட்டுப் போட்ட, வயதான, களைத்த மனிதர். பெரிய நாட்டுக்காரர் ஒருவர் அவருக்கு ஏதோ தருவதாக அறிவித்தார். தீவுக்காரர் எழுந்தார். கையை நெஞ்சில் வைத்தார். தலையை மெல்லக் குனிந்தார்.

நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

அக்காவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. ஆனாலும் கதிரையைப் பிடித்து எழும்பி, தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்று, அந்த மனிதரின் முகத்துக்கு நேரே கத்தினாள்:

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை! உவங்கள் ஒருக்காத்தான் கேப்பாங்கள்!"